பச்சை டிக் இருந்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். "வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நம்பகமான பேக்கப் சாப்ட்வேர் எது என்று பேசுங்களேன்" என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். கடைக்கு வருகிறவர்களும் அடிக்கடி கேட்கிற கேள்விதான். கம்ப்யூட்டரில் இருப்பதை வேறொரு இடத்தில் காப்பி எடுத்து வைப்பதுதான் பேக்கப். பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு அண்ணாச்சியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

டவுனில் மளிகை மொத்த வியாபாரம் பார்ப்பவர். ஒருநாள் காலை, நான் ஷட்டரைத் தூக்கும்போதே சிபியுவோடு வாசலில் நின்றார். போட்டுப் பார்த்தால் ஹார்டு டிஸ்க் உள்ளே 'டக், டக்' என்று அடிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் எங்களுக்கே வயிற்றைக் கலக்கும். அண்ணாச்சி மட்டும் அசரவில்லை. "டிஸ்க் போனா போகட்டும் தம்பி, பேக்கப் பக்காவா இருக்கு" என்று மஞ்சள் பையிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று வருடமாகத் தினமும் ராத்திரி 9 மணிக்குப் பேக்கப் ஓடியிருக்கிறது. ஓடி முடித்ததும் திரையில் பச்சை டிக் வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் கடையைச் சாத்துவாராம்.

டிஸ்கைத் திறந்தேன். உள்ளே வங்கிக்கு எழுதிய இரண்டு கடிதம், கோயில் கொடைக்கு அடித்த நோட்டீஸ், பேரனின் பள்ளிக்கூடப் படம் ஒன்று. அவ்வளவுதான். பேக்கப் சாப்ட்வேரில் 'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரை மட்டும் டிக் செய்து வைத்திருக்கிறார்கள். கணக்கு சாப்ட்வேரோ தன் டேட்டாவை சி டிரைவில் தனக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் சேர்த்துக்கொண்டிருந்தது. பேக்கப் சாப்ட்வேர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. சொன்ன வேலையை ஆயிரம் தடவைக்கு மேல் ஒழுங்காகச் செய்திருக்கிறது. அந்த ஆயிரம் நாளில் ஒரு நாளாவது உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

சின்ன வியாபாரம், தெரியாமல் நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கிட்லேப் என்று ஒரு நிறுவனம், புரோகிராம் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியதைச் சேர்த்து வைக்கிற இடம். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் ஒரு சர்வரில் அழிக்க வேண்டியதை இன்னொரு சர்வரில் அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூடச் சரியாக வேலை செய்யவில்லை. பேக்கப் எடுக்கிற கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் வேறாக இருந்ததால் தினசரிப் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றுவிட்டது என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. ஒரு ஆறு மணி நேரம் முன்னால் தற்செயலாக யாரோ எடுத்து வைத்த காப்பிதான் மானத்தைக் காப்பாற்றியது. இதை மறைக்காமல் அவர்களே விவரமாக எழுதி வெளியிட்டார்கள் என்பதால்தான் நமக்குத் தெரிகிறது.

அதனால் எந்தச் சாப்ட்வேர் என்று யார் கேட்டாலும் நான் பேக்கப் பக்கத்தைப் பார்ப்பதில்லை, திருப்பி எடுக்கிற ரீஸ்டோர் பக்கத்தைத்தான் பார்ப்பேன். பேக்கப் எல்லாச் சாப்ட்வேரும் எடுக்கும். சில இலவசப் பதிப்புகள் பேக்கப்பைத் தாராளமாக எடுத்துக்கொண்டு, திருப்பிக் கேட்கும்போது காசு கேட்கும். அது நமக்கு எந்த நேரத்தில் தெரிய வரும் என்று யோசித்துப் பாருங்கள்!

பேக்கப்பில் இரண்டு வகை. ஃபைல்களை மட்டும் காப்பி எடுப்பது ஒன்று. விண்டோஸ், சாப்ட்வேர், செட்டிங் எல்லாம் சேர்த்து டிஸ்கை அப்படியே படம் பிடிப்பது இன்னொன்று, அதை இமேஜ் என்போம். போட்டோவும் கடிதமும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு முதல் வகை போதும். விண்டோஸிலேயே 'ஃபைல் ஹிஸ்டரி' இருக்கிறது, 2012-ல் விண்டோஸ் 8-ஓடு வந்தது. மணிக்கொரு தடவை, மாறிய ஃபைலை மட்டும் எடுத்து, பழைய பதிப்பையும் வைத்துக்கொள்ளும். ஆனால் நாமாகச் சொல்லாவிட்டால் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரிச் சில ஃபோல்டர்களோடு நின்றுவிடும். அண்ணாச்சி கதை அங்கேயும் நடக்கும். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள், அதோடு வருகிற பேக்கப் சாப்ட்வேரான 'டைம் மெஷின்' இருக்கும்போது வெளியே தேட வேண்டியதே இல்லை.

இமேஜ் வேண்டுமென்றால், ஒரு காலத்தில் எங்கள் தொழிலில் எல்லோரும் சொன்னது 'கோஸ்ட்' தான். "ஒரு கோஸ்ட் போட்டுத் தர்றேன் சார்" என்றால் வாடிக்கையாளருக்கே புரியும். நார்ட்டன் கோஸ்ட் 2013-ல் நின்றுபோனது. அப்போது எழுதிய டிவிடிகள் ஒரு டப்பா நிறைய இன்னும் கடையில் கிடக்கின்றன, தூக்கிப் போட மனசு வரவில்லை. அதற்கப்புறம் பலரும் பிடித்துக்கொண்ட மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பும் 2024 தொடங்கும்போது முடிந்துபோனது. பெயரை நம்பி உட்கார முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது நான் போட்டுத் தருவது வீம் ஏஜெண்டின் இலவசப் பதிப்பு. முழு இமேஜும் எடுக்கும், அதற்குள்ளிருந்து ஒரே ஒரு ஃபைலை மட்டும் உருவியும் தரும். குளோன்சில்லாவும் நல்லதுதான், காசே கிடையாது. ஆனால் நேராக ஒரு ஃபைலை மட்டும் அதிலிருந்து எடுக்க வழியில்லை, திரையும் எழுத்து எழுத்தாக இருக்கும். ஒரு டிஸ்குக்குப் பதிலாக இன்னொரு டிஸ்கின் பெயரை அமுக்கினால் நல்ல டிஸ்க் காலி. வீட்டில் தனியாக முயல்கிறவர்களுக்கு நான் சொல்வதில்லை.

எதைப் போட்டாலும், போட்ட அன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு ஃபைல், திருமணப் போட்டோ என்றே வையுங்கள், அதன் பெயரை மாற்றிவிடுங்கள். அழித்துவிடாதீர்கள். அப்புறம் பேக்கப்பிலிருந்து அதே போட்டோவை வேறொரு ஃபோல்டருக்குத் திருப்பி எடுங்கள். வந்துவிட்டது என்று விட்டுவிடாமல் திறந்து பாருங்கள், முகம் தெரிகிறதா என்று. இமேஜ் என்றால் இன்னொரு படி உண்டு. விண்டோஸ் கிளம்பாதபோது கம்ப்யூட்டரைக் கிளப்ப, அந்தச் சாப்ட்வேர் ஒரு ரெஸ்க்யூ பென் டிரைவ் தயாரித்துக் கொடுக்கும். அதை வைத்துக் கம்ப்யூட்டரை ஒரு தடவை பூட் செய்யுங்கள், அதாவது அதிலிருந்தே கிளப்புங்கள். உங்கள் டிஸ்க் அந்தத் திரையில் தெரிகிறதா? புது லேப்டாப்களில் பல நேரம் தெரியாது, டிஸ்கை அடையாளம் காட்டுகிற ஸ்டோரேஜ் டிரைவர் என்ற சின்னச் சாப்ட்வேர் அந்தப் பென் டிரைவில் இருக்காது. இந்தக் குறை இன்றைக்கே தெரியவந்தால் டிரைவரைச் சேர்த்துக்கொள்ளலாம். டிஸ்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் பிட்லாக்கர் போட்டிருக்கிற லேப்டாப் என்றால் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கும், அதை ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

"நான் எல்லாத்தையும் கூகுள் டிரைவில் போட்டுவிட்டேனே" என்பார்கள். நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டரோடு ஒத்திசைந்து ஓடுகிற ஃபோல்டர் என்றால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் நமக்கு ஞாபகம் வர வேண்டும்.

எக்ஸ்டர்னல் டிஸ்கை எப்போதும் சொருகியே வைக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை வந்தபோது, கம்ப்யூட்டரைப் பூட்டிய வைரஸ் அதோடு சொருகியிருந்த டிஸ்கையும் சேர்த்தே பூட்டியது. முடிந்தால் இரண்டு டிஸ்க் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, இங்கே ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணீருக்குள் நின்றது. தண்ணீர் வடிந்தபின் கடைக்கு வந்த சிபியுக்களில் சேறு. கூடவே அதே மேசை டிராயரில் இருந்த பேக்கப் டிஸ்கும் வந்தது, அதிலும் சேறு. என்னுடைய இரண்டாவது டிஸ்க் இப்போது பாளையங்கோட்டையில் தங்கச்சி வீட்டு அலமாரியில் இருக்கிறது.

அண்ணாச்சி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். டிஸ்கைச் சென்னைக்கு அனுப்பி, ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிற காசைச் செலவழித்து, பாதிக் கணக்கு கிடைத்தது. மீதியைப் பில் புத்தகங்களைப் பார்த்து மகளும் மருமகனும் உட்கார்ந்து ஏற்றினார்கள். இப்போது மாதம் ஒருமுறை மஞ்சள் பையோடு கடைக்கு வருகிறார். அந்த டிஸ்கிலிருந்து கணக்கை என் கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில் நம்பரை அவர் வாயால் சொல்லச் சொல்லிச் சரிபார்ப்போம். போன மாதம் வந்தபோது நம்பர் ஒத்துப்போகவில்லை, பதினொரு நாள் பின்தங்கியிருந்தது. யாரோ ஒரு பென் டிரைவைச் சொருக, எக்ஸ்டர்னல் டிஸ்குக்குக் கம்ப்யூட்டர் வைக்கிற எழுத்து எஃப்-இலிருந்து ஜி-க்கு மாறிவிட்டது. சாப்ட்வேர் பாவம், எஃப்-ஐத் தேடிக்கொண்டிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். டீ சொல்லிவிட்டு அண்ணாச்சி அங்கேயே உட்கார்ந்து, இன்னொரு தடவை எடுத்துக் காட்டு என்றார்.