64 ஆன்டெனாக்களும் அவை இழுக்கும் மின்சாரமும்

[திரையில்: செல்பேசிக் கோபுரத்தின் உச்சி. ஒல்லியான நீள் பலகைகளுக்கு நடுவே தட்டையான, அகலமான ஒரு பெட்டி.]

5ஜி கோபுரங்களில் தென்படும் இந்த அகலமான பெட்டியின் முகப்பு உறைக்குள், பல மாதிரிகளில், 192 சிறு ஆன்டெனா உறுப்புகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அவை மும்மூன்றாகச் சேர்க்கப்பட்டு, பொறியாளர்கள் ஆர்.எஃப். செயின் என்று அழைக்கும் 64 சுற்றுத்தொடர்களோடு இணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு மூன்றையும் ஓர் ஆன்டெனாவாகவே இங்கே எண்ணுவோம். பெட்டியின் பின்புறத்தில் நெருக்கமாக நிற்கும் உலோகத் தகடுகளைக் கவனியுங்கள். உள்ளே வந்த மின்சாரத்தில் அலையாக மாறாமல் போன பகுதி வெப்பமாகி, அந்தத் தகடுகளின் வழியாகத்தான் வெளியேறுகிறது. அவை எவ்வளவு பெரியவை என்பதிலிருந்தே வீணாவது எவ்வளவு என்று ஊகித்துவிடலாம்.

ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல ஆன்டெனாக்களைக் கொண்டு பல தரவு ஓடைகளைத் தனித்தனியே அனுப்பும் முறைக்கு மைமோ என்று பெயர். இந்தக் கருத்துக்கு 1994-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவரான ஆரோக்கியசாமி பால்ராஜ், பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றிய பின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். ஆன்டெனாக்களின் எண்ணிக்கையை மிகப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியை 2010-ல் பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா எழுப்பினார். இன்றைய 64 ஆன்டெனாப் பெட்டி அந்தக் கேள்வியின் வழிவந்தது.

[திரையில்: ஒரு ஆன்டெனாவிலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவும் அலை. அடுத்து, 64 ஆன்டெனாக்களிலிருந்து ஒரு செல்பேசியை நோக்கிக் குவியும் கற்றை.]

முதலில் நமக்குச் சாதகமான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒற்றை ஆன்டெனா 40 வாட் திறனில் அலையை அனுப்புகிறது என்று கொள்வோம். அதன் இடத்தில் 64 ஆன்டெனாக்களை வைத்து, ஒவ்வொன்றும் அதே 40 வாட்டில், எல்லா அலைகளும் செல்பேசியை அடையும்போது ஏற்றமும் இறக்கமும் ஒன்றாகப் பொருந்தும்படி அனுப்பினால், அங்கே அலையின் வீச்சு 64 மடங்காகிறது. திறன் என்பது வீச்சின் வர்க்கம் ஆகையால், அது 4,096 மடங்காகிறது. எனவே செல்பேசிக்குப் பழைய அளவே போதுமென்றால், ஒவ்வோர் ஆன்டெனாவும் ஏறத்தாழ 10 மில்லிவாட் அனுப்பினால் போதும். 64-க்கும் சேர்த்து ஒரு வாட்டுக்கும் குறைவு. தாளில் பார்க்கும்போது இது அதிசயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மின்கட்டண ரசீதில் அந்த அதிசயம் தெரிவதில்லை. ஆன்டெனா என்பது வெறும் உலோகத் துண்டு. மின்சாரத்தை இழுப்பது அதன் பின்னால் நிற்கும் சுற்றுத்தொடர். எண்ணை அலையாக்கும் மாற்றி, அலைவரிசையை உயர்த்தும் கலப்பி, வடிகட்டி, திறன் பெருக்கி ஆகிய எல்லாம் ஒவ்வொரு தொடரிலும் உண்டு. ஒரு தொடருக்கு ஒரு வாட் செலவாகிறது என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். ஒரே ஆன்டெனா என்றால் மொத்தம் 41 வாட். 64 ஆன்டெனா என்றால் 64 வாட்டுக்கும் மேல். 6 ஆன்டெனா என்றால், அனுப்பும் மொத்தத் திறன் 40 வாட்டில் ஆறில் ஒரு பங்காகிவிடுவதால், 13 வாட்டுக்கும் குறைவு. ஆக, இந்தக் கணக்கில் 6-தான் சிக்கனமான எண்ணிக்கை.

பிறகு ஏன் 64? ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேருக்குத் தனித்தனிக் கற்றை அனுப்ப வேண்டிய மாலை நேரத்தில், அத்தனை தொடர்களின் செலவும் அத்தனை பேருக்கும் பகிரப்பட்டுவிடுகிறது. ஆகவே மொத்த வாட்டை விட, ஒரு ஜூல் ஆற்றலுக்கு எத்தனை பிட் சென்றது என்பதே பொருத்தமான அளவுகோல். அந்த அளவுகோலின்படி மோசமான நேரம் நள்ளிரவு. இரண்டு மூன்று பேருக்காக 64 தொடர்களும் கொட்டக் கொட்ட விழித்திருக்கும் நேரம் அது.

[திரையில்: ஒரு சுற்றுத்தொடரின் படம். திறன் பெருக்கி சிவப்பாக ஒளிர்கிறது.]

தொடருக்குள் பெரும் செலவாளி திறன் பெருக்கி. 4ஜி, 5ஜி அலைகளில் சராசரியைவிடப் பல மடங்கு உயரும் முகடுகள் அவ்வப்போது வரும் என்பதால், அவை சிதையாமல் செல்லப் பெருக்கி எப்போதும் தன் முழுத் திறனுக்கு வெகு கீழேயே இயங்க வேண்டியிருக்கிறது. அப்படி இயங்கும்போது அதன் செயல்திறன் சரிகிறது. முகடு வரும்போது மட்டும் இரண்டாவது பெருக்கி கைகொடுக்கும் சுற்றை வில்லியம் டோஹெர்ட்டி 1936-ல் வானொலி நிலையங்களுக்காக வடிவமைத்தார். இன்றைய கோபுரங்களிலும் அதன் வழித்தோன்றல்களே உள்ளன.

எந்தச் சீர்திருத்தத்தையும்விட அணைத்து வைப்பதே அதிகம் மிச்சப்படுத்தும். 4ஜி-யில் அதற்கு வாய்ப்புக் குறைவு. யாருமே இல்லாதபோதும் கோபுரம் ஒவ்வொரு மில்லி விநாடியிலும் மேற்கோள் சமிக்ஞைகளை, அதாவது செல்பேசிகள் அலையை அளந்துகொள்ள உதவும் குறிப்பு அலைகளை, அனுப்பியாக வேண்டும். 5ஜி-யில், கோபுரத்தைச் செல்பேசிகள் கண்டுகொள்ள உதவும் அடையாளச் சமிக்ஞை வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை போனால் போதும். 160 வரை நீட்டவும் தரநிலை இடம் தருகிறது. இடைப்பட்ட நேரத்தில், ஏறத்தாழ 36 மைக்ரோ விநாடி நீளும் ஒற்றைக் குறியீட்டு நேரத்துக்குக் கூட (குறியீடு என்பது அலையில் அனுப்பப்படும் தரவின் ஒரு சிறு துண்டு)ப் பெருக்கியை உறங்கவிட முடியும்.

[திரையில்: வைஃபை பெட்டியும் ஒரு செல்பேசியும். செல்பேசியில் ஒரு ஆன்டெனா மட்டும் பச்சையாக.]

இதே தந்திரத்தை வீட்டு வைஃபையில் இன்னும் தெளிவாகக் காணலாம். 2009-ல் வெளியான 802.11என் தரநிலையின்படி, செல்பேசி தன் ஏற்புத் தொடர்களில் ஒன்றை மட்டும் விழிக்கவிட்டு மற்றவற்றை அணைத்து வைக்கலாம். வைஃபை பெட்டி பல ஓடைகளில் தரவை அனுப்புவதற்கு முன், “அனுப்பலாமா?” என்று கேட்கும் சிறு சட்டகத்தை ஒற்றை ஓடையில் அனுப்புகிறது. விழித்திருக்கும் தொடர் அதைக் கேட்டதும் செல்பேசி மற்றவற்றையும் எழுப்பி, “அனுப்பலாம்” என்று பதில் தருகிறது. பரிமாற்றம் முடிந்ததும் மீண்டும் ஒன்றைத் தவிர எல்லாம் உறங்கிவிடும்.

கோபுரத்தில் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. 64 தொடர்களில் 32-ஐ அணைத்தால், அனுப்பும் மொத்தத் திறன் பாதியாவதோடு, கற்றையின் குவிப்பும் பாதியாகிறது. செல்பேசியில் வந்து சேரும் திறன் நான்கில் ஒரு பங்கு, அதாவது 6 டெசிபல் குறைவு. எதிர்த்திசையில், கேட்கும் ஆன்டெனாக்களும் பாதியாகிவிட்டதால், அதே வேகத்தில் தரவை அனுப்பச் செல்பேசி தன் திறனை இரட்டிப்பாக்க வேண்டும். கோபுரம் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி பயனரின் பேட்டரியிலிருந்து போகிறது. கோபுரத்துக்கு அருகில் இருப்பவருக்கு இது பொருட்டே இல்லை. எல்லையோரத்தில் இருப்பவரின் செல்பேசியோ, வழக்கமான உச்சவரம்பான 200 மில்லிவாட்டை ஏற்கெனவே தொட்டிருக்கும். அதனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அதே படத்தை நீண்ட நேரம் ஏற்றிக்கொண்டிருக்கும். எனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு, அவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்த பிறகே அந்த 32 தொடர்களை அணைக்க வேண்டியிருக்கிறது.