முன்னூறு கொம்புகள்

வணக்கம் நேயர்களே. போரில் கர்த்தரை நம்புவது என்றால் எபிரெய வேதம் எதைச் சொல்கிறது? நியாயாதிபதிகள் புத்தகத்தின் 7, 8 அதிகாரங்களை வைத்துப் பார்ப்போம்.

ஆரோத் நீரூற்றண்டையில் இஸ்ரவேலின் படைத்தலைவன் கிதியோனோடு இருந்தவர்கள் 32,000 பேர். எதிரே மீதியானியர், அமலேக்கியர், கிழக்கத்தியார். அவர்களில் 1,20,000 பேர் விழுந்தார்கள், 15,000 பேர் மிஞ்சினார்கள் என்று 8-ஆம் அதிகாரம் பிற்பாடு கணக்குக் கொடுக்கிறது. ஆக, ஒருவனுக்கு நாலு பேருக்கு மேல். ஆனால் ‘உன்னோடிருப்பவர்கள் மிகுதி’ என்கிறார் கர்த்தர். காரணமும் அங்கேயே இருக்கிறது: ‘என் கையே என்னை இரட்சித்தது’ என்று இஸ்ரவேல் பெருமை பேசிவிடும்.

முதல் கழிவு, பயந்தவர்கள். இது புதுச் சட்டமல்ல. பயந்தவன் வீட்டுக்குப் போகட்டும், அவனால் சகோதரரின் மனமும் கரைந்துபோகும் என்று உபாகமம் 20-ஆம் அதிகாரம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. 22,000 பேர் போனார்கள். ஆரோத் என்ற பெயரிலேயே நடுக்கம் என்ற பொருள் ஒலிக்கிறது. எபிரெயத்தில் வாசிப்பவருக்கு இந்தச் சிலேடை தப்பாது.

மிஞ்சிய 10,000 பேரைத் தண்ணீர் குடிக்கவைத்துப் பிரித்தபோது, கையால் அள்ளி நக்கிக் குடித்தவர்கள் 300. அவர்கள் விழிப்பானவர்கள், அதனால்தான் தேர்வானார்கள் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். வசனத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் நேர்மாறாக, அவர்களே பயந்தவர்கள் என்று எழுதினார். திறமையை அளக்கும் சோதனையாக இதைப் படித்தால், 32,000 பேரைக் குறைத்த காரணமே அடிபட்டுப்போகும்.

சரி, நம்பினவன் சும்மா இருந்தானா? இல்லை. இரவில் வேலைக்காரன் பூராவோடு எதிரிப் பாளயத்தின் ஓரம்வரை இறங்கிப்போய் ஒட்டுக்கேட்டான். ஒரு வாற்கோதுமை அப்பம் உருண்டுவந்து கூடாரத்தைக் கவிழ்த்ததாக அங்கே ஒருவன் சொப்பனம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அப்பம் கிதியோனின் பட்டயமே என்றான் அவன் தோழன். திரும்பிவந்த கிதியோன் ஆட்களை நூறு நூறாக மூன்று படையாக்கி, ஒவ்வொருவனுக்கும் ஓர் எக்காளமும் உள்ளே தீவட்டி வைத்த பானையும் கொடுத்தான். நேரம், இரவின் மூன்று காவல் சாமங்களில் நடுச்சாமத் தொடக்கம். நம் கணக்கில் இரவு பத்து மணியையொட்டி. காவல் அப்போதுதான் மாறியிருந்தது. புதிதாக வந்த காவலரின் கண் இருளுக்குப் பழகியிருக்காது.

எக்காளம் என்றதும் பித்தளைக் குழலை நினைக்கவேண்டாம். இது ஆட்டுக்கடாக் கொம்பு. ஆளுக்கொன்று எப்படி வந்தது? வீட்டுக்குப் போனவர்களின் கொம்புகளை இவர்கள் வாங்கிவைத்துக்கொண்டார்கள் என்று 7:8-இலேயே இருக்கிறது. ஒரு கொம்புக்குப் பின்னால் ஒரு படைப்பிரிவே நிற்கும் என்றுதான் எவனும் நினைப்பான். முன்னூறு கொம்பு ஒன்றாக ஊதினால்? பானைக்குள் தீவட்டி கனன்றுகொண்டிருக்கும், வெளிச்சம் தெரியாது. உடைத்ததும் காற்றுப்பட்டுக் குப்பென்று மூளும். இடக்கையில் தீவட்டி, வலக்கையில் கொம்பு. பட்டயம் பிடிக்கக் கையே இல்லை. ‘கர்த்தருடைய பட்டயம், கிதியோனுடைய பட்டயம்’ என்று முழங்கியதோடு சரி. அவரவர் தம் இடத்தில் நின்றார்கள். வெட்டிக்கொண்டது மீதியானியர், தங்களுக்குள்ளேயே.

இதற்கு எதிர்ப்பக்கம் 1 சாமுவேல் 4. எதிரிகளான பெலிஸ்தரிடம் 4,000 பேரை இழந்த இஸ்ரவேலின் மூப்பர்கள், கர்த்தர் ஏன் முறியடித்தார் என்று தங்களுக்குள் கேட்டார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. சீலோவிலிருந்து, கர்த்தரின் பிரசன்னத்துக்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள், அது காப்பாற்றும் என்று. ஆர்ப்பரிப்பில் பூமி அதிர்ந்தது. விழுந்தவர்கள் 30,000 காலாட்கள், பெட்டியும் பறிபோனது.

கிதியோன் கதையும் வெற்றியோடு முடிந்துவிடவில்லை. முழக்கத்தில் அவன் பெயரும் இருந்ததல்லவா? யுத்தம் முடிந்ததும் ஜனங்கள் வந்து, ‘நீரே எங்களை மீதியானியர் கைக்கு நீங்கலாக்கினீர், எங்களை ஆண்டுகொள்ளும்’ என்றார்கள். எந்தப் பேச்சு வரக்கூடாதென்று கர்த்தர் 31,700 பேரை வீட்டுக்கு அனுப்பினாரோ, அதுவே ஆள் மாறி வந்தது. கிதியோன் ஆட்சியை மறுத்தான், கர்த்தரே ஆளுவார் என்றான். கூடவே கொள்ளையில் வந்த கடுக்கன்களைக் கேட்டு வாங்கினான். எடை 1,700 சேக்கல் பொன், சுமார் 19 கிலோ. அதில் ஓர் ஏபோத்தை, அதாவது ஆசாரியர் அணியும் மேலங்கி போன்ற ஒன்றை, செய்து தன் ஊரான ஒப்ராவில் வைத்தான். இஸ்ரவேலர் கர்த்தரை விட்டு, அதை வணங்கி அதன் பின்னே போனார்கள்.