ஞானம் வளர்வது தேவபயத்தாலே

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அன்பர்களே, ரப்பர் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வேலை முடித்து, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பகாவ் வட்டாரத்துச் சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

கிறிஸ்தவனுக்கு ஞானம் வளர்வது வேத அறிவாலா, தேவபயத்தாலா? வேத அறிவே என்று அக்கா வெளுத்து வாங்கிவிட்டார். கைதட்டலும் பலம். "தன் வழக்கிலே முதற்பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்" என்கிறது நீதிமொழிகள் 18:17. பின்னால் வருகிறவன் அவனைச் சோதிப்பான் என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. அந்த வேலைக்குத்தான் வந்திருக்கிறேன்.

அக்கா ராஜாவாகிய சாலொமோனைச் சாட்சிக்கு அழைத்தார். நானும் அவரையே அழைக்கிறேன். 3000 நீதிமொழிகள், 1005 பாட்டுகள். கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை பேசத் தெரிந்தவர். அறிவில் குறையே இல்லை. இப்போது உபாகமம் 17-ஐத் திறந்து பாருங்கள். ராஜாவுக்கு அங்கே மூன்று தடை: ஒன்று, குதிரைகளைப் பெருக்காதே, அதற்காக ஜனங்களை எகிப்துக்கு அனுப்பாதே; இரண்டு, மனைவிகளைப் பெருக்காதே; மூன்று, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்காதே. ஒரு விரலை அங்கே வைத்துக்கொண்டு 1 இராஜாக்கள் 10, 11-க்கு வாருங்கள். ஒரே வருஷத்தில் 666 தாலந்து பொன். 1400 இரதங்கள், 12000 குதிரைவீரர், குதிரைகள் வந்ததோ எகிப்திலிருந்து. 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள். மூன்று தடையில் ஒன்றுகூட மிச்சமில்லை! ராஜா நியாயப்பிரமாணத்தைப் பிரதி எழுதி, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்றும் அதே 17-ஆம் அதிகாரம் சொல்கிறது. எதற்காக? தேவனுக்குப் பயந்திருக்கக் கற்றுக்கொள்வதற்காக. வாசிப்பு தேவபயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் 3000 நீதிமொழியும் காப்பாற்றாது, ஐயா.

"பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று 1 யோவான் 4:18-ஐத் தம்பி ஒருவர் எடுத்து வீசினார். முந்தின வசனத்தையும் வாசித்திருக்கலாம். அது நியாயத்தீர்ப்பு நாளைப் பேசுகிறது. தண்டனைக்கு நடுங்குகிற பயம் அது. யாத்திராகமம் 20:20-இல் மோசே ஒரே மூச்சில் இரண்டும் சொல்கிறார்: பயப்படாதிருங்கள், பாவம் செய்யாதபடிக்கு தேவனைப்பற்றிய பயம் உங்கள் முன் இருக்கட்டும்.

அந்தப் பயம் எங்கே தெரியும்? லேவியராகமம் 19:14: செவிடனைத் திட்டாதே, குருடன் முன்னே தடுக்கலை வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு. செவிடனுக்குக் கேட்காது, குருடனுக்குத் தெரியாது. தட்டிக்கேட்க ஆள் கிடையாது. நம் ஊரில் அது எப்படி இருக்கும்? எழுத்துத் தெரியாத பாட்டி வங்கிப் பாரத்தை நீட்டுகிறார். நிரப்புகிறவருக்கு எழுத்தும் தெரியும், வசனமும் தெரியும். எந்த இடத்தில் கைநாட்டு வைக்கச் சொல்கிறாரோ, பாட்டி அங்கே வைப்பார். அந்த நிமிஷத்தில் பேனாவை நேராகப் பிடிக்கவைப்பது மனப்பாட வசனம் அல்ல. தேவன் பார்க்கிறார் என்ற உணர்வு.

இதைப் பழக வழி உண்டு. நீதிமொழிகளில் 31 அதிகாரம். தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம். பலர் இதைச் செய்கிறார்கள், பலன்தான் வருவதில்லை. சோம்பேறியைப் பற்றி வாசித்தால் மருமகன் ஞாபகம், சண்டைக்காரியைப் பற்றி வாசித்தால் பக்கத்து வீட்டு ஞாபகம்! அதனால் ஒரே ஒரு வசனத்தை நோட்டில் எழுதி, பக்கத்தில் அன்று இருட்டுவதற்குள் நீங்களே செய்யவேண்டிய ஒரு காரியத்தை எழுதுங்கள்: திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன், கேட்கவேண்டிய மன்னிப்பு. செய்து முடித்தால்தான் கோடு போட வேண்டும். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்று யாக்கோபு 1:5 சொல்கிறது. நாமோ வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்து "ஆண்டவரே, வழிகாட்டும்" என்கிறோம். 8-ஆம் வசனம் சொல்லும் இருமனம் அதுதான். கேட்பதை முன்பணத்துக்கு முன்னால் கேளுங்கள். "வேண்டாம்" என்ற பதிலுக்கும் இடம் வைத்துக் கேளுங்கள்.

கடைசியாக எதிரணிக்கு ஒரு கேள்வி. சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள், ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் கட்டளையை மீறினார்கள். தேவனுக்குப் பயந்ததினால் மீறினார்கள் என்று யாத்திராகமம் 1:17 காரணமும் சொல்லிவிட்டது. சீனாயில் நியாயப்பிரமாணம் கொடுக்கப்படுவதற்கு முந்தின காலம் அது. அவர்கள் எந்தச் சுருளை வாசித்து அந்த முடிவுக்கு வந்தார்கள்? அடுத்துப் பேச வருகிறவர் பதில் சொல்லட்டும், நடுவர் ஐயா.