பன்னிரண்டு டோனட், ஐந்து மைல், ஒரு மணி நேரம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகரான ராலியில் கிறிஸ்பி க்ரீம் சேலஞ்ச் என்றொரு ஓட்டப் போட்டி நடந்துவருகிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நினைவு மணிக்கூண்டிலிருந்து புறப்பட்டு, இரண்டரை மைல் ஓடி, நகரின் பீஸ் தெருப் பக்கம் இருக்கும், டோனட் என்னும் இனிப்புப் பண்டம் விற்கும் கிறிஸ்பி க்ரீம் கடையை அடைந்து, அங்கே ஒரு டஜன் டோனட்டுகளைத் தின்று முடித்து, வந்த தொலைவையே திரும்ப ஓடி, ஒரு மணி நேரத்துக்குள் மணிக்கூண்டை அடைய வேண்டும் என்பதே இதன் முதன்மை விதி. அந்த ஊரில் மாணவனாக இருந்த காலத்தில் நானும் இதில் ஓடியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

இது 2004ஆம் ஆண்டு டிசம்பரில் சில மாணவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட பந்தயமாகத் தொடங்கியது. உன்னால் முடியுமா, என்னால் முடியுமா என்ற வீம்பைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இருக்கவில்லை. பிறகு அதையே நிதி திரட்டும் நிகழ்ச்சியாக மாற்றி, வருவாயைச் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா குழந்தைகள் மருத்துவமனைக்கு வழங்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே பங்கேற்பவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கான சாலை ஏற்பாடு, பதிவு, தன்னார்வலர் பணி எல்லாவற்றையும் மாணவர்களே முன்னின்று கவனித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு அன்றும் வியப்பாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

டோனட்டைக் கண்டிராத நேயர்கள் நம் ஊர்ப் பாதுஷாவை நினைத்துக்கொள்ளலாம். இதுவும் எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரைப் பாகு படிய விடும் பண்டம்தான். ஆனால் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்த மாவு என்பதால், உள்ளே பெரும்பகுதி காற்றே நிறைந்திருக்கும். வெர்னான் ருடால்ஃப் என்பவர் 1937இல் இதே மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலம் நகரில் தொடங்கிய கடைதான் கிறிஸ்பி க்ரீம். ஆகவே அந்த மாநிலத்தாருக்கு இது ஊர்ப் பெருமை சார்ந்த பண்டமும் ஆகும். ஒரு டோனட் ஐம்பது கிராமுக்குச் சற்றுக் குறைவான எடை கொண்டது. பன்னிரண்டும் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டும். போட்டியாளர்களிடையே பெருமையாகச் சொல்லப்படும் கணக்கு 2,400 கலோரி. சராசரி உடல் எடை கொண்ட ஒருவர் ஐந்து மைல் ஓடினால் செலவாவது ஏறத்தாழ 500 கலோரிதான். உடல் இளைப்பதற்காக ஓட நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வேறு போட்டியைத் தேடிக்கொள்ளலாம்.

போட்டியின் உண்மையான கடினம் நேரக் கணக்கில் இருக்கிறது. ஐந்து மைல் என்பது எட்டுக் கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் கடப்பவருக்கு ஓட்டத்துக்கே 48 நிமிடங்கள் போய்விடும். மிஞ்சும் 12 நிமிடங்களில் நிமிடத்துக்கு ஒரு டோனட் வீதம் தின்றாக வேண்டும். இரண்டாவது பாதியில் எவருடைய வேகமும் குறையும் என்பதால், அந்த 12 நிமிடங்களும் முழுதாகக் கிடைக்கப்போவதில்லை. முதல் நான்கு டோனட்டுகள் சுவையாகவே இருக்கும். ஆறாவதற்குள் நாக்கு பாகில் ஊறிச் சலித்துவிடும். எட்டாவதிலிருந்து தாடை வலியைத் தவிர வேறெதுவும் தெரியாது. அனுபவசாலிகள் நான்கைந்து டோனட்டுகளை அடுக்கி, இரு கைகளாலும் அழுத்தி, காற்றை வெளியேற்றித் தட்டையாக்கிவிடுவார்கள். சிலர் தண்ணீரில் நனைத்து விழுங்குவார்கள். பார்க்கச் சகிக்காத காட்சிதான் என்றாலும், மெல்லும் நேரம் மிச்சமாகிறது.

தின்று முடித்துத் திரும்ப ஓடத் தொடங்கும்போதுதான் உடல் தன் எதிர்ப்பைக் காட்டுகிறது. ஓய்வாக இருக்கும்போது இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வயிறு, குடல், கல்லீரல் ஆகியவற்றுக்குச் செல்கிறது. வேகமாக ஓடும்போது கால் தசைகளும் தோலும் இரத்தத்தை இழுத்துக்கொள்வதால், அந்தப் பங்கு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கொழுப்பு மிகுந்த உணவோ, அமைதியாக உட்கார்ந்திருந்தாலே இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். ஆகவே தின்ற அரைக் கிலோவும் குடித்த தண்ணீரும் செரிக்காமல், ஒவ்வோர் அடிக்கும் வயிற்றுக்குள் குலுங்கிக்கொண்டே வருகின்றன. திரும்பும் வழியில் சாலையோரம் குனிந்து நிற்பவர்களைக் கண்டு அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. தேர்ந்த ஓட்டக்காரரும், வாரம் ஒருமுறை பூங்காவைச் சுற்றி வருபவரும் அந்த இடத்தில் ஏறத்தாழ ஒரே வேகத்துக்கு வந்துவிடுகிறார்கள். மற்ற ஓட்டப் போட்டிகளில் முன்னணியினரை நாம் தொடக்கக் கோட்டுக்குப் பிறகு பார்ப்பதே இல்லை. இங்கே அவர்களோடு டோனட் பெட்டியும் கையுமாக அருகருகே நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க முடிகிறது. ஊரே திரண்டு வருவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

முழு டஜனையும் தின்பது கட்டாயமும் அன்று. விரும்பியதைத் தின்று ஓடுபவர்களுக்கும், டோனட்டையே தொடாமல் ஓடுபவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நான் ஓடியது இவற்றுள் முதலாவதில். இரண்டு டோனட்டுகளைத் தின்றுவிட்டு, மீதியைப் பெட்டியோடு அறைத் தோழர்களுக்கு எடுத்து வந்தேன். இதைக் கோழைத்தனம் என்று கேலி செய்த நண்பர்கள் சிலர் அன்று மாலை வரை படுக்கையை விட்டு எழவில்லை. எந்தப் பிரிவில் ஓடினாலும் வருவாய் சேரும் மருத்துவமனை ஒன்றுதான் என்னும்போது, வயிற்றை வதைப்பதால் அங்குள்ள குழந்தைகளுக்குக் கூடுதலாக எதுவும் கிடைத்துவிடாது. நீரிழிவு உள்ளவர்களும் இதய நோய் உள்ளவர்களும் டஜன் பந்தயத்தை நினைத்துப் பார்க்கவே வேண்டியதில்லை.

அந்தப் பக்கம் படிக்கவோ பணிக்கோ செல்லும் நேயர்கள் கலந்துகொள்ள விரும்பினால், முந்தைய இரவு எளிய உணவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிர்காலக் காலையில் நடப்பதால், ஓடும்போது கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளத்தக்க மேலுடை ஒன்றை அணிந்து செல்லுங்கள். கடையருகே தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் சிறுகச் சிறுகக் குடியுங்கள். கையில் பாகு ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஈரத் துண்டு ஒன்றும் பையில் இருக்கட்டும். ஓடி முடித்ததும் உடனே படுத்துவிடாமல், அரை மணி நேரமாவது மெல்ல நடந்துகொண்டிருங்கள்.

வணக்கம்.