கான்பராவில் ஒரு கோடு

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்காவது பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் யாருக்கு என்று கேட்டேன், ஏழு கைகள் உயர்ந்தன. சரி, இந்தப் பேச்சு அந்த ஏழு பேருக்கு. மற்றவர்கள் காபி வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்னியில் மகன் வீட்டில் இருந்தபோது, தலைநகரைப் பார்க்க வேண்டும் என்றேன். "கான்பராவில என்னப்பா இருக்கு? காலையில போயிட்டு சாயங்காலம் வந்திடலாம்" என்றான். ஏறக்குறைய 280 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். போனோம். பார்லிமென்ட் வாசலில் ஒரு போட்டோ, ஏரிக்கரையில் ஒரு போட்டோ. குன்றின் மேல் இருக்கும் அந்தப் பார்லிமென்டைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வட்டச் சாலைகள். பிரியும் இடத்தைத் தவறவிட்டு இரண்டு முறை சுற்றி வந்தோம். "இன்னொரு சுத்து வந்துட்டா பிரதட்சணம் முடிஞ்சிடும் மாமா" என்றாள் மருமகள். மகன் சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

அடுத்த முறை நான் மட்டும் பஸ் ஏறிப் போய் இரண்டு நாள் தங்கினேன். அப்போதுதான் புரிந்தது, நாங்கள் ஊரைத் தப்பான பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம் என்று.

முதலில் ஐன்ஸ்லி மலைக்குப் போங்கள். 843 மீட்டர் உயரம். உச்சிவரை கார் போகும். மேலே நின்று கீழே பாருங்கள். காலடியில் போர் நினைவகத்தின் குவிமாடம். அங்கிருந்து நூல் பிடித்தாற்போல அகலமான ஒரு சாலை. அது முடியும் இடத்தில் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் வெள்ளை நிறத்தில் பழைய பார்லிமென்ட். அதன் தலைக்கு மேல் புதிய பார்லிமென்டின் 81 மீட்டர் கொடிக்கம்பம். எல்லாம் ஒரே கோட்டில். ராஜகோபுர வாசலில் நின்றால் கொடிமரம், பலிபீடம், மண்டபம் எல்லாம் தாண்டி மூலஸ்தானத்து விளக்கு தெரியுமே, அதே கணக்கு. கான்பராவில் பார்க்க வேண்டியது இந்தக் கோட்டைத்தான். மற்றதெல்லாம் இதில் கோத்த மணிகள்.

இதை வரைந்தவர் வால்டர் பர்லி கிரிஃபின், சிகாகோக்காரர். தலைநகர் சிட்னியா மெல்போர்னா என்று இரண்டு ஊரும் மல்லுக்கு நின்றதால், இரண்டும் வேண்டாம், நடுவில் புதிதாக ஒன்று கட்டுவோம் என்று முடிவானது. அதற்கு வைத்த உலகப் போட்டியில் 137 வரைபடங்கள் வந்தன. 1912-இல் கிரிஃபின் ஜெயித்தார். நடுவர்களை மயக்கிய அந்தப் படங்களைத் துணியில் தீட்டியவர் அவருடைய மனைவி மரியன். ஏரிக்குக் கணவர் பெயர் மட்டும்தான் வைத்தார்கள், வழக்கம்போல.

மலையிலிருந்து இறங்கினால் போர் நினைவகம். கிரிஃபின் அந்த இடத்தில் மக்கள் பொழுதுபோக்க ஓர் உல்லாசக் கூடம் வர வேண்டும் என்று குறித்திருந்தார். இடையில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. 1941-இல் திறந்த இந்த நினைவகத்தின் சுவர்களில், வெண்கலப் பலகைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அருகில் போய்ப் பாருங்கள்: பெயருக்கு முன்னால் பதவி கிடையாது, ஜெனரலும் சிப்பாயும் ஒரே எழுத்து அளவு. பலகைகளின் இடுக்குகளில் சிவப்புப் பாப்பிப் பூக்களைச் செருகிவிட்டுப் போகிறார்கள். ஒரு பாட்டி விரலால் வரிவரியாகத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும் பூவைச் செருகிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தினமும் மூடும் நேரத்தில் அந்தப் பெயர்களில் ஒருவரின் கதையைப் படித்து, பியூகிள் ஊதுவார்கள். அதற்கு இருந்துவிட்டு வாருங்கள்.

அங்கிருந்து செம்மண் நிறச் சரளை பரப்பிய ஆன்சாக் பரேட் என்ற அந்த அகலச் சாலையில் நேராக நடக்கலாம், ஏரிவரை. கோடு ஏரியைக் கடக்கும் இடத்தில் பாலம் இல்லை. சுற்றித்தான் போக வேண்டும். ஏரியே செயற்கை. 1963-இல் அணையின் மதகை மூடினார்கள், மறு ஆண்டு நிறைந்தது. அதைப் பார்க்கக் கிரிஃபின் இல்லை. அதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் 1920-இலேயே வேலையை விட்டவர், 1937-இல் நம் லக்னோவில் இறந்து, அங்கேயே அடக்கமானார்.

பழைய பார்லிமென்டின் எதிரே புல்வெளியில் சில கூடாரங்கள் தெரியும். யாரோ குடியேறிவிட்டார்கள் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். 1972 ஜனவரி 26 அன்று நான்கு பூர்வகுடி இளைஞர்கள் ஒரு கடற்கரைக் குடையை நட்டு, "சொந்த மண்ணில் நாங்கள் அந்நியர்கள், அதனால் எங்களுக்கும் ஒரு தூதரகம்" என்று உட்கார்ந்த இடம். கிரிஃபினின் கோட்டில் அவர் வரையாத புள்ளி இது. என்னைக் கேட்டால், வரைந்தவற்றைவிட முக்கியமானது.

புதிய பார்லிமென்ட் 1988-இல் திறந்தது. கூரை முழுக்கப் புல். மக்கள் தங்கள் பிரதிநிதிகளின் தலைக்கு மேல் நடக்கட்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள். பிள்ளைகள் அந்தச் சரிவில் உருண்டு விளையாடுவார்களாம். இப்போது பாதுகாப்புக்கென்று வேலி போட்டுவிட்டார்கள். உள்ளே சோதனை முடித்து லிஃப்டில்தான் கூரைக்குப் போக முடியும். போங்கள், ஆனால் ஐன்ஸ்லி மலை இங்கிருந்து எதிரே தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டை விட்டு விலகி ஒரே ஓர் இடம்: ஏரிக்கரையில் உள்ள தேசியக் கலைக்கூடம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன சோழர் கால நடராஜரை, 2008-இல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தது இந்த இடம்தான். திருட்டுச் சொத்து என்று தெரிந்து, 2014 செப்டம்பரில் அவர்கள் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அதை நினைத்துக்கொண்டே அந்தக் கூடங்களில் நடந்ததில், அமெரிக்க ஓவியர் பொலாக்கின் புகழ்பெற்ற ஓவியத்தின் முன்னால் எனக்கு மனசு நிற்கவில்லை.

முன்வரிசையில் ஒருவர் செலவு கேட்கிறார். நினைவகம், பார்லிமென்ட், கலைக்கூடத்தின் நிரந்தரக் காட்சிகள், எதற்கும் கட்டணம் இல்லை. ஜூலையில் போகலாமா? போகலாம், ஆனால் காலையில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். மலைக்கு மப்ளர் இல்லாமல் ஏறாதீர்கள். காபி வந்துவிட்டது போலிருக்கிறது.