‘சாமானுக்கு மட்டும்’ என்று விற்கும் பழைய தையல் மெஷினை வாங்கலாமா? காரைக்குடியிலிருந்து

வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையின் பின்கட்டில் நின்று பேசுகிறேன். எனக்குப் பின்னால் சுவரோரமாக வரிசையாக வைத்திருப்பவை எல்லாம் தையல் மெஷின் தலைகள். எதற்கும் கால் இல்லை, பலகை இல்லை, பெட்டி இல்லை. கடைக்காரர் நான் கேட்பதற்கு முன்பே, “தம்பி, இது எதுவும் ஓடாது, சாமானுக்கு மட்டும்தான் ஆகும்” என்று சொல்லிவிட்டார். பழைய மெஷின் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வார்த்தையோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இந்த வார்த்தையைக் கேட்டால்தான் உள்ளே போய்ப் பார்க்கத் தோன்றும்.

அதற்குக் காரணம் இந்த ஊரின் வியாபாரத்திலேயே இருக்கிறது. செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டைப் பங்காளிகள் கூடிப் பிரித்து விற்கும்போது நிலை, தூண், பர்மாத் தேக்குக் கதவு, எனாமல் தூக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக விலை போகிறது. தையல் மெஷின் வந்தால் அதில் முதலில் விலை போவது, நடுவில் சிங்கர் என்ற பெயரோடு வார்த்த இரும்புக் கால். அதன் மேல் கண்ணாடியோ கிரானைட்டோ ஆத்தங்குடிக் கல்லோ போட்டு உணவு மேசையாக்குகிறார்கள். கை கழுவும் தொட்டியைப் பொருத்துகிறவர்களும் உண்டு. கால் போய்விட்ட பிறகு தலையை ஓட்டிப் பார்க்க மிதியும் கிடையாது, வாரும் கிடையாது, ஓட்டிப் பார்க்கும் அக்கறையும் யாருக்கும் கிடையாது. ஆகவே இங்கே ‘சாமானுக்கு மட்டும்’ என்பதற்குப் பல நேரங்களில் ‘நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. தையற்கடையிலிருந்தோ பழுது பார்ப்பவரிடமிருந்தோ அதே வார்த்தை வந்தால் நிலைமை வேறு. அவர்கள் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். அதனால் மெஷினைத் தொடுவதற்கு முன்பு, அது எங்கிருந்து வந்தது, காலோடு வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இந்த முதல் தலையைப் பாருங்கள், கேமராவை நெருக்கமாகக் கொண்டு வருகிறேன். வலப்பக்கம் இருக்கும் கைச்சக்கரத்தைச் சுற்றுகிறேன். சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் ஊசிக்கம்பி அசையவில்லை. இதைப் பார்த்ததும் உள்ளே ஏதோ முறிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். சக்கரத்தின் நடுவில் இந்தச் சிறிய குமிழ் தெரிகிறதல்லவா? பாபினில், அதாவது அடிநூல் உருளையில், நூல் சுற்றும்போது ஊசி ஓடாமல் இருப்பதற்காக இதைத் தளர்த்துவது வழக்கம். யாரோ கடைசியாக நூல் சுற்றிவிட்டு, திரும்ப இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். இதோ இறுக்குகிறேன். சுற்றுகிறேன். ஊசிக்கம்பி இறங்குகிறது, ஏறுகிறது, நூலைத் தூக்கும் கொக்கியும் கூடவே அசைகிறது. இறுக்கியும் பிடிக்காவிட்டால், குமிழுக்கு அடியில் இருக்கும் காது வைத்த வாஷரை யாராவது திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று கழற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அசையாமல் நிற்கும் தலை. அசையாமை இரண்டு வகை. சக்கரம் சிறிது தூரம் போய், ‘டக்’ என்று ஒரே இடத்தில் இடித்து, பின்னோக்கிச் சுற்றினாலும் அதேபோல இன்னோர் இடத்தில் இடித்து நிற்குமானால், மேல்நூலை அடிநூலோடு பின்னும் ஷட்டில் ஓடும் இடத்தில் நூல் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பாபின் கேஸை எடுத்து, ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றினால் பின்னால் நூல் கருத்துச் சுருண்டு கிடக்கும். ஊசியால் நெம்பி எடுத்தால் வந்துவிடும். கொஞ்சமும் அசையாமல் முழுவதுமாகப் பிடித்திருந்தால், அது உறைந்த எண்ணெயா, துருவா என்று பிரித்தறிய வேண்டும். ஊசிக்கம்பியின் மேல் படிந்திருப்பதை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் கலந்த பழுப்பில் வேப்பம்பிசின் போல ஒட்டிக்கொண்டு வந்தால் அது எண்ணெய். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்து, அடியில் உலோகம் குழி குழியாகத் தெரிந்தால் துரு. வீடுகளில் மெஷின் எண்ணெய் தீர்ந்தபோது தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டுவிடுவார்கள். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீட்டில் அது இறுகி, மெஷினையே கட்டிப்போட்டுவிடுகிறது. இதற்கு மருந்து மண்ணெண்ணெயும் பொறுமையும்தான். அசைகிற ஒவ்வொரு மூட்டிலும், எண்ணெய் விடும் ஒவ்வொரு துளையிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவைத்து, சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டி, இளகி வந்த கசடைத் துடைத்துவிட்டு மறுபடியும் விட வேண்டும். சுத்தியலால் தட்டுகிற வேலையே வேண்டாம். இளகிய பிறகு மண்ணெண்ணெயை முழுவதும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விடாமல் ஓட்டக் கூடாது. மண்ணெண்ணெய் தேய்மானத்தைத் தடுக்காது.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு உடம்பின் மேல் பொன்னிறச் சித்திரங்கள் இருந்தால் அங்கே தின்னரையும் ஸ்பிரிட்டையும் கொண்டு போகாதீர்கள். பழைய மெஷின்களில் சித்திரத்தைக் காக்கும் மேல்பூச்சு பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டில் அது கரைந்து, பொன் எழுத்தும் கூடவே துணியில் வந்துவிடும்.

உண்மையாகவே சாமானுக்கு மட்டும் ஆகிற தலை எப்படி இருக்கும்? இந்த மூன்றாவதைப் பாருங்கள். தலைகீழாகச் சாய்க்கிறேன். பலகையோடு சேரும் கீல் துளைக்குப் பக்கத்தில் வார்ப்பிரும்பு விரிசல் விட்டிருக்கிறது. கால் கழற்றும்போது கீழே போட்டிருக்க வேண்டும். வார்ப்பிரும்பில் விட்ட விரிசலை வெல்டிங் வைத்தும் நம்பி ஓட்ட முடியாது என்பது என் கருத்து. சிலர் ஒட்டவைத்து ஓட்டுகிறார்கள், நான் அதற்குக் காசு கொடுக்க மாட்டேன். ஷட்டில் ஓடும் பாதையில் துருக்குழி விழுந்திருந்தாலும், ஷட்டிலின் கொக்கி நுனி உடைந்திருந்தாலும் அப்படித்தான். ஆனால் இதே தலையில் ஊசிக்கம்பி வழவழப்பாக இருக்கிறது, டென்ஷன் தட்டுகளும் சுருளும் முழுதாக இருக்கின்றன, முகத்தகடு பூவேலையோடு அப்படியே இருக்கிறது. இன்னொரு மெஷினுக்கு உயிர் கொடுக்க இவை போதும்.

அந்த இன்னொரு மெஷின் எது என்பதைப் பொறுத்துத்தான் விலையே. சிங்கரில் ‘15’ என்ற எண் கொண்ட வகையில் பாபின், இடப்பக்க ஓரத்தில் ஒரு கேஸுக்குள் செங்குத்தாக உட்காரும். நம் உஷா, மெரிட் கறுப்பு மெஷின்கள் பெரும்பாலும் இந்த அமைப்பையே பின்பற்றியவை. உஷாவைத் தயாரித்த ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1930-களில் கல்கத்தாவில் தொடங்கிய நிறுவனம். லூதியானாவில் இன்றும் இதற்கான பாகங்களைச் செய்கிறார்கள், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ தையல் சாமான் கடையில் கேட்டால் ஷட்டில், பாபின் கேஸ், துணியை நகர்த்தும் பல், ஊசி எல்லாம் கையோடு கிடைக்கும். ஆகவே 15 வகைத் தலையில் நாலு சாமான் குறைந்தாலும் தயங்க வேண்டியதில்லை. 66 வகையில் பாபின், தகட்டுக்கு அடியில் படுத்தவாறு இருக்கும். அதன் மேல் மூடும் நகரும் தகடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கழன்று தொலைவது அதுதான். 27, 28, 127, 128 வகைகளில் பாபின் குச்சி போல நீளமாகவும், ஷட்டில் துப்பாக்கித் தோட்டா வடிவத்திலும் இருக்கும். அந்தத் தோட்டா ஷட்டில் இல்லாத தலையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அலங்காரப் பொருளாக நினைத்து மட்டுமே வாங்குங்கள். ஊர்க் கடைகளில் அது கிடைப்பதில்லை.

தலையின் வரிசை எண்ணைப் படிப்பது எளிது. படுக்கைத் தட்டின் வலப்பக்கம், தூணின் அடியில், உலோகத்திலேயே அடித்த எண் இருக்கும். 1900-க்கு முந்தைய சிங்கர்களில் வெறும் எண். அதற்குப் பிறகு எழுத்தோடு தொடங்கும். வகைப் பெயரில் வரும் ‘கே’ என்ற எழுத்து, ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் இருந்த கில்போவி ஆலையைக் குறிக்கிறது. அந்த ஆலை 1980-இல் மூடப்பட்டது. அடித்த எண்ணே இல்லாமல், ‘சிங்கர்’ என்ற பொன் எழுத்து மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், அது புதுத் தலையின் மேல் ஒட்டிய ஸ்டிக்கராக இருக்கலாம். தைப்பதற்கு அது பழுதில்லை, ஆனால் பழம்பொருள் விலை கொடுக்காதீர்கள்.

விலை பேசும்போது நான் பழைய இரும்பு எடையிலிருந்து தொடங்குவேன், ஏனென்றால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டால் கடைக்காரருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதற்கு மேல் நான் கொடுப்பது, என் கண்ணுக்கு எத்தனை சாமான் தேறுகிறது என்பதைப் பொறுத்தது. இன்னொன்றையும் கேட்பேன்: “அண்ணே, இதோடு வந்த டப்பா ஏதும் இருக்கா?” பாபின்கள், துணியை அழுத்தும் கால்கள், சிறிய திருப்புளி எல்லாம் இருந்த பழைய தகர டப்பா பெரும்பாலும் பொத்தான் டப்பாக்களோடு வேறு அலமாரியில் கிடக்கும். தோட்டா ஷட்டில் கிடைத்தால் அதில்தான் கிடைக்கும்.

இன்று முதல் தலையையும் விரிசல் விட்ட தலையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன், இரண்டும் 15 வகை. தூக்கும்போது கைச்சக்கரத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், தண்டு வளைந்துவிடும். ஒரு கை படுக்கைத் தட்டுக்கு அடியிலும் மறுகை மேலே குறுக்காக ஓடும் உடம்பிலும் இருக்கட்டும். ஊசியைக் கழற்றிவிட்டு, துணியை அழுத்தும் காலை இறக்கி, நடுவில் ஒரு துணியை மடித்து வைத்துக் கட்டினால் பேருந்திலும் பத்திரமாக வந்துவிடும். அண்ணன் பொத்தான் அலமாரியைத் திறக்கப் போயிருக்கிறார். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.