சோப்பு வாங்கும்போது கேட்க இரண்டு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் மலையில் இருக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, தை வந்துவிட்டால் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் விழாது. கரண்டிக் காம்பை விட்டுத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அதே நாட்களில்தான் கணுக்காலுக்கு மேலே தோல் வெளுத்துப்போய், நகத்தால் பெயர் எழுதினால் படிக்கலாம் என்கிற அளவுக்கு வறண்டிருக்கும். உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும். எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்களின் விரல் இடுக்கைப் பார்த்திருக்கிறீர்களா? உப்புப் பட்டால் துடித்துப் போவார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு, மகளிர் குழுக்களுக்குச் சோப்பு செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போனால் ‘சோப்பு டீச்சர்’ என்றால்தான் என்னைத் தெரியும். வானொலி நிலையத்தார் இயற்கைச் சோப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் முதலில் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது.

ஏரிச் சாலையிலும் ஏழு ரோட்டிலும் சீசன் நேரத்தில் சோப்பு விற்கிறார்கள் அல்லவா, பச்சை, மஞ்சள், காபி நிறம் என்று அடுக்கி? யார் கேட்டாலும் ஒரே பதில்: “ஒரு சொட்டு கெமிக்கல் கிடையாதுங்க.” அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும், சாக்பீஸ் தேடி. எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப்பு. காரம் சேராமல் சோப்பு என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. நம் ஊர்க் கட்டிச் சோப்புக்கு அந்தக் காரம் காஸ்டிக் சோடா. அந்தக் காலத்தில் அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீர். அதில் பொட்டாசியம் உப்பு இருப்பதால் குழகுழவென்ற சோப்புத்தான் கிடைக்கும். வெளுக்கிறவர்கள் உவர்மண்ணை எடுத்தார்களே, அதுவும் காரத்துக்காகத்தான். ஆக, கெமிக்கல் இல்லை என்று ஒருவர் சொன்னால், செய்முறை அவருக்குத் தெரியாது, அல்லது நமக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார்.

பண்ணைக்காட்டில் ஒரு வகுப்பு. டிசம்பர் மாதம், மத்தியானத்திலேயே மூடுபனி இறங்கிவிட்டது. காஸ்டிக் சோடா டப்பாவைத் திறந்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்துவிட்டார். “டீச்சரம்மா, இது சாக்கடை அடைப்புக்கு ஊத்துறதாச்சே? இதையா உடம்புல போடச் சொல்றீக?” மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சரியான கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான். அது தோலில் பட்டால் பொத்துப்போகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால்தான் கையுறை, கண்ணாடி. தண்ணீரில் காரத்தைப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது. ரேடியோவில் கேட்டதை வைத்து யாரும் தனியாக ஆரம்பித்துவிடாதீர்கள், நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

பாட்டிக்கு நான் கணக்கைச் சொன்னேன். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். நாம் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்துப் போடுகிறோம். காரம் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துவிடும், கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் தோலுக்கு. கூடவே கிளிசரினும் உண்டாகி அதிலேயே தங்கிவிடும். பெரிய ஆலைகளில் பெரும்பாலும் கிளிசரினைப் பிரித்தெடுத்து வேறு வேலைக்கு விற்பார்கள்.

“தீந்துரும்னு எப்படித் தெரியும்?” அடுத்த கேள்வி. “காத்திருக்கணும் பாட்டி” என்றேன். அன்று எல்லோரும் அச்சில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் பார்த்தால் முக்கால்வாசிப் பேருடையது கையில் ஒட்டுகிறது, இறுகவே இல்லை. பாட்டியுடையது மட்டும் கத்தி வைத்தால் சுத்தமாக அறுபடுகிறது! என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “பச்சப்புள்ள மாதிரி கம்பளிய சுத்தி அடுப்படியில வச்சேன், குளிருமேன்னு.” சோப்பு உருவாகும்போது அதற்குள்ளிருந்தே சூடு கிளம்பும். அந்தச் சூடு வெளியேறாமல் காத்தால் சீக்கிரம் கெட்டிப்படும். நம் குளிரில் திறந்து வைத்தால் சூடு ஓடிப்போய், வேலை மெதுவாகிவிடும். இதைப் படித்த நான் சொல்வதற்கு முன்னால் பாட்டி செய்துவிட்டார். இன்றைக்கு அந்தக் குழுவில் யார் சோப்பு ஊற்றினாலும் மேலே ஒரு கம்பளி.

பிறகு காய வைக்கும் காலம். நாலு முதல் ஆறு வாரம். மலையில் ஆறுக்கு மேலும் போகும், ஏனென்றால் காற்றிலேயே ஈரம். மழை நாளில் சோப்பின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். “டீச்சரம்மா, சோப்புக்கு வேர்க்குது, கெட்டுப்போச்சு” என்று போன் வரும். கெடவில்லை. உள்ளே இருக்கிற கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. அதே குணம்தான் உங்கள் தோலிலும் வேலை செய்கிறது. பாட்டி தன் சோப்பை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார். ஈரம் போனது, பேரன் மட்டும், குளித்துவிட்டு வந்தால் புகை வாசம் அடிக்கிறது என்று கோபித்துக்கொண்டானாம்.

ஆகவே நேயர்களே, இயற்கைச் சோப்பு வாங்கும்போது இரண்டே கேள்வி. என்ன எண்ணெய்? எத்தனை வாரம் ஆயிற்று? வேம்பு இருக்கிறதா, துளசி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். அரை ஸ்பூன் துளசிப் பொடி தோலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. எண்ணெய்தான் சோப்பின் உடம்பு. தேங்காயெண்ணெய் மட்டுமே போட்டால் நுரை அள்ளும், அழுக்கும் போகும், கூடவே தோலின் சொந்த எண்ணெயும் போகும். கீழ்நாட்டு வேர்வைக்கு அது சரி. நமக்குத் தேங்காயெண்ணெய் மூன்றில் ஒரு பங்கு, மிச்சத்தில் நல்லெண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய் என்று இருந்தால் தேவலை. மறுபடியும் சொல்கிறேன்: என்ன எண்ணெய், எத்தனை வாரம். இரண்டுக்கும் பதில் வராத இடத்தில் காசு கொடுக்காதீர்கள்.

கடைச் சோப்பு வாங்குகிறவர்கள் உறையைத் திருப்பி டி.எஃப்.எம். என்று போட்டிருப்பதைப் பாருங்கள். மொத்தக் கொழுப்பின் அளவு அது. 76 சதவீதமும் அதற்கு மேலும் முதல் தரம், 70 இரண்டாவது, 60 மூன்றாவது. ‘பேதிங் பார்’ என்று எழுதியிருந்தால் அது வேறு கணக்கு, 40 இருந்தாலே போதும் என்று விதி.

எந்தச் சோப்பாக இருந்தாலும் நமக்குக் குறைவாகவே போதும். வத்தலக்குண்டு, திண்டுக்கல் பக்கம் போர்த் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பாதி தின்றுவிடும். நம் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, ஒரு தேய்ப்பிலேயே நுரைக்கும். அக்குள், கால் இடுக்கு, பாதம், இங்கெல்லாம் போட்டால் சரி. கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளாமல் வெதுவெதுப்பாகக் குளியுங்கள். துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள். உறைந்த தேங்காயெண்ணெயோடு மல்லுக்கட்ட வேண்டாம், நல்லெண்ணெய் உறையாது.

சோப்பு வருவதற்கு முன்பு நம்மிடம் இருந்தவற்றைத்தான் இன்று அதிகம் பேச நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கீழ்மலைக் காட்டிலிருந்து வருகிற சீயக்காயும் பூந்திக்கொட்டையும் காரம் இல்லாமலே நுரைப்பவை. சோப்பைப் போலத் தோலைக் காரமாக்காது, கண்ணில் மட்டும் படக் கூடாது. எண்ணெய்க் குளியலுக்கு உசில் இலையை அரைத்த அரப்பு. எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், குளிர்கிறதே என்று ஏமாறாதீர்கள், உயரம் ஏற ஏற வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும், தோல் கறுத்துப் பொத்துவிடும். நீலகிரித் தைலத்தைக் குழந்தைகளின் மூக்குப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். கைக்குழந்தைக்குத் தினமும் சோப்பே தேவையில்லை. சிவப்பு, நீர்க்கசிவு, ஆறாத அரிப்பு என்றால் சோப்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

நலங்கு மாவு ஒன்று பாக்கி. பயத்தம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ரோஜா இதழ், எல்லாவற்றையும் நன்றாகக் காயவைத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்காமல் போட்டால் குருணை கீறிவிடும். அளவு சொல்ல நேரமில்லை, பயத்தம்பருப்புத்தான் முக்கால்வாசி. வணக்கம்.